பட்டப்படிப்புக் காலத்திலேயே சட்டக் கல்லூரிக்குத் தயாராவது எப்படி? மூன்றாண்டு எல்எல்.பி. படிக்க விரும்புவோருக்கான முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் வழக்குரைஞராவதற்கு இரண்டு பாதைகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப்படிப்பு ஒன்று. ஏதேனும் ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்ற பிறகு சேரும் மூன்றாண்டு எல்எல்.பி. மற்றொன்று. தமிழ்நாட்டில் கலை, அறிவியல், வணிகவியல், பொறியியல் என எதைப் படித்துக்கொண்டிருந்தாலும், பட்டம் முடிந்ததும் சட்டம் படிக்கலாம் என்று எண்ணுகிற மாணவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

இப்படி எண்ணுகிறவர்களில் பலர் இறுதிப் பருவத் தேர்வு முடியும்வரை எதுவும் செய்வதில்லை. வேறு சிலர் முதலாண்டிலேயே சட்டப் புத்தகங்களை வாங்கிப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டுமே சரியான தயாரிப்பு ஆகாது என்பது என் உறுதியான கருத்து. பிரிவுகளைச் சட்டக் கல்லூரியின் மூன்று ஆண்டுகளில் எப்படியும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நீண்ட, கடினமான ஓர் ஆவணத்தைப் பொறுமையாகப் படித்து அதன் வாதத்தைப் பிடித்துக்கொள்வதும், அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மிகையின்றி எழுதிக் காட்டுவதும் சில மாதங்களில் வந்துவிடுகிற திறன்கள் அல்ல. சட்டக் கல்லூரிகள் இவற்றைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதும் அரிது. பட்டப்படிப்புக் காலத்தை முதன்மையாக இதற்கே செலவிட வேண்டும். மற்றவை எல்லாம் இதைச் சுற்றி அமையும்.

முதல் படி: நீதிமன்றத்தைப் போய்ப் பாருங்கள்

சட்டத்துறையைப் பற்றி நம்மில் பலருக்கு உள்ள படம் திரையில் பார்த்ததுதான். உண்மையான நீதிமன்றத்தில் ஒரு நாளின் பெரும்பகுதி வழக்குகளை அழைப்பதிலும், வாய்தா கேட்பதிலும், ஆவணங்கள் தாக்கலானதைப் பதிவு செய்வதிலும் கழிகிறது. ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணை பல நாட்களுக்கு நீளலாம். இந்த மெதுவான நடையை நேரில் பார்த்த பிறகும் உங்களுக்கு அதில் ஈடுபாடு தோன்றுகிறதா என்பதை முதலாண்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நீதிமன்றத்துக்குள் செல்ல எவருடைய சிபாரிசும் தேவையில்லை. குற்றவியல் விசாரணை நடைபெறும் இடம் பொதுமக்கள் வரக்கூடிய திறந்த நீதிமன்றம் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366ஆம் பிரிவு கூறுகிறது. இடவசதி உள்ளவரை யாரும் அமர்ந்து கேட்கலாம். பாலியல் வன்முறை வழக்குகளும் குழந்தைகள் தொடர்பான வழக்குகளும் மூடிய அறையில் நடப்பவை. அவற்றுக்கு மட்டும் அனுமதி இராது. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்திலோ குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலோ தொடங்குவது நல்லது, ஏனெனில் அங்கே நடவடிக்கைகள் பெரும்பாலும் தமிழில் நடக்கும். என்ன நடக்கிறது என்பதைப் பின்தொடர முடியும். கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டுப் பின்வரிசையில் அமருங்கள். நீதிபதி வரும்போதும் எழும்போதும் எழுந்து நில்லுங்கள். எதையும் ஒலிப்பதிவோ படமோ எடுக்காதீர்கள்.

பார்த்ததைக் குறிப்பாக எழுதி வைப்பது அவசியம். எந்த வழக்கு, யார் என்ன கேட்டார், நீதிபதி என்ன கேள்வி எழுப்பினார், என்ன உத்தரவு பிறந்தது என்ற நான்கு விவரங்கள் போதும். நேரில் செல்ல இயலாத நாட்களில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளைக் காணலாம். 2022 செப்டம்பர் முதல் அவை நேரலையாக ஒளிபரப்பாகின்றன. ஆயினும் ஐந்து மூத்த நீதிபதிகள் முன் நடக்கும் வாதத்தைக் கேட்பதைக் காட்டிலும், சிறு நீதிமன்றம் ஒன்றில் ஒரு நிலத்தகராறு எப்படி நகர்கிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டத்தில் உங்களுக்குப் பயன் தரும்.

இரண்டாம் படி: தகுதி விதிகளை இப்போதே சரிபாருங்கள்

இதைத் தள்ளிப்போட்டவர்கள் பட்டம் பெற்ற பிறகு மிகுந்த துயரத்துக்கு ஆளாகிறார்கள். வழக்குரைஞர் தொழிலையும் சட்டக்கல்வியையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் சேர இளங்கலைப் பட்டத்தில் பொதுப் பிரிவினர் குறைந்தது 45 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர் 42 விழுக்காடும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படித்திருப்பதும் முக்கியம். அடிப்படைக் கல்வித் தகுதி இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் இதற்குச் செல்லாது. முறையாகப் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் தொலைநிலையில் பட்டம் படிப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

எல்எல்.பி. படிப்பைத் தொலைநிலைக் கல்வி வழியாகப் படித்து வழக்குரைஞராகப் பதிவு செய்ய முடியாது. அப்படி விளம்பரம் செய்யும் எந்த நிறுவனத்தையும் நம்ப வேண்டாம். ஒரு கல்லூரியில் சேருமுன் அதற்குப் பார் கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். சட்டக் கல்லூரியில் ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை தேவைப்படும்; அதே காலத்தில் மற்றொரு முழுநேரப் பட்டப்படிப்பில் சேர்வதையும் விதிகள் தடுக்கின்றன. ஆகவே முழுநேர வேலையில் இருந்துகொண்டே சட்டம் முடித்துவிடலாம் என்ற கணக்கில் திட்டமிட வேண்டாம்.

மூன்றாம் படி: கையில் உள்ள பட்டத்தை வீணாக்காதீர்கள்

தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கான சேர்க்கையைத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பில் பெற்ற மதிப்பெண்ணும் இடஒதுக்கீட்டு விதிகளுமே இடத்தைத் தீர்மானிக்கின்றன. இதன் பொருள், இன்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு பருவத் தேர்வும் சட்டக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வின் ஒரு பகுதி என்பதே. சட்டம்தான் என் இலக்கு என்று சொல்லிக்கொண்டு இப்போதைய பாடத்தைப் புறக்கணிப்பவர் தம் இலக்கைத் தாமே தள்ளி வைக்கிறார்.

எந்தப் பட்டம் சட்டத்துக்கு ஏற்றது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அரசியல் அறிவியலும் வரலாறும் படித்தவர்களுக்கு அரசமைப்புச் சட்டம் தொடக்கத்தில் எளிதாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த முன்னிலை ஓராண்டுக்குள் மறைந்துவிடும். நீடித்து நிற்பது துறை அறிவுதான். வணிகவியல் மாணவருக்கு இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியும். வரி வழக்கிலும் நிறுவனச் சட்டத்திலும் திவால் வழக்கிலும் அது பெரிய பலம். வேதியியல், உயிரியல், பொறியியல் படித்தவர்களுக்கு முன் காப்புரிமைத் துறை திறந்திருக்கிறது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர்கள் தகுதித் தேர்வெழுதிக் காப்புரிமை முகவராக இடமளிக்கிறது; அதற்குச் சட்டப் பட்டமே தேவையில்லை. அந்தத் தகுதியோடு எல்எல்.பி.யும் சேரும்போது அந்தத் துறையில் உங்களுக்குப் போட்டியாளர்கள் மிகக் குறைவு. உளவியல் படிப்பவர் சாட்சிகளின் நினைவாற்றலைப் பற்றியும், புள்ளியியல் படிப்பவர் சான்றுகளின் நிகழ்தகவைப் பற்றியும் ஆழமாகக் கற்றால், பின்னாளில் குறுக்கு விசாரணை மேடையில் அது கைகொடுக்கும். ஆகவே பாடத்தை மாற்றிக்கொள்வதைப் பற்றி யோசிக்காமல், உங்கள் பாடம் சட்டத்தை எங்கே தொடுகிறது என்று தேடுங்கள்.

நான்காம் படி: சட்டத்தைப் படிக்கும் முறையைப் பழகுங்கள்

இந்தப் படிக்கே மிகுதியான காலத்தை ஒதுக்க வேண்டும். முதலில் மூலச் சட்டத்தைப் படிக்கப் பழக வேண்டும். விளக்க நூல்களும் கேள்வி பதில் கையேடுகளும் பிறகு வரட்டும். மத்தியச் சட்டங்கள் அனைத்தும் இந்தியா கோட் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இ-எஸ்சிஆர் தளத்தில் படிக்கலாம். அவற்றுள் ஒரு பகுதி தமிழ் மொழிபெயர்ப்பிலும் கிடைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இந்த முறையை விளக்கலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 303ஆம் பிரிவு திருட்டை வரையறுக்கிறது. அந்த ஒரே வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். பொருள் அசையும் பொருளாக இருக்க வேண்டும். அது மற்றொருவரின் வசம் இருக்க வேண்டும். அவருடைய இசைவு இருக்கக் கூடாது. நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருக்க வேண்டும். அந்த எண்ணத்தோடு பொருள் நகர்த்தப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது திருட்டாகாது. இப்போது பிரிவின் கீழ் உள்ள விளக்கங்களுக்கு வாருங்கள். மண்ணில் வேரூன்றி நிற்கும் மரம் அசையும் பொருள் அன்று. எனவே அது நிற்கும்வரை அதைத் திருட முடியாது. ஆனால் எடுத்துச் செல்லும் தீய எண்ணத்தோடு ஒருவர் அதை வெட்டிப் பிரித்த கணத்திலேயே திருட்டு நிறைவடைகிறது. இன்னோர் எடுத்துக்காட்டில், நண்பர் வீட்டு நூலகத்திலிருந்து அவர் இல்லாத நேரத்தில், படித்துவிட்டுத் திருப்பித் தரும் எண்ணத்தோடு ஒருவர் புத்தகம் எடுத்துச் செல்கிறார். நண்பர் இதற்கு இசைவார் என்று அவர் உண்மையிலேயே கருதியிருந்தால் அது திருட்டாகாது.

இந்த எடுத்துக்காட்டுகள் 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருபவை. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அவை நிலைத்திருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வரையறையின் ஒரு கூற்றைத் தனியாகச் சோதித்துக் காட்டுவதே. நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு கூற்றை மட்டும் மாற்றிப் புதிய சூழல் ஒன்றை நீங்களே அமைத்து, முடிவு மாறுகிறதா என்று எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு பிரிவை இப்படிப் படித்தாலே, சட்டம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது ஓராண்டில் புரியத் தொடங்கும். வரையறைப் பிரிவு எங்கே இருக்கிறது, விதிவிலக்கு எங்கே தொடங்குகிறது, பொது விதியை ஒரு நிபந்தனை எவ்வளவு தூரம் குறுக்குகிறது என்று தேடுவது பழக்கமாகிவிடும்.

அடுத்தது தீர்ப்புகள். முதலில் சிறியவற்றைத் தேர்ந்தெடுங்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட 1973ஆம் ஆண்டின் கேசவானந்த பாரதி தீர்ப்பில் தொடங்கிச் சோர்ந்துவிட வேண்டாம். நம் மாகாணத்திலிருந்து எழுந்த இரண்டு வழக்குகளை நான் பரிந்துரைப்பேன். ஒன்று 1951ஆம் ஆண்டின் செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பகிர்ந்த சென்னை மாகாணத்தின் அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு நிறைவேறிய முதல் அரசமைப்புத் திருத்தம், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கும் 15(4) என்ற பிரிவைச் சேர்த்தது. தீர்ப்பு சில பக்கங்களே கொண்டது. தீர்ப்பையும் திருத்தத்தையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, நீதிமன்றமும் நாடாளுமன்றமும் ஒன்றுக்கொன்று எப்படிப் பதில் சொல்லிக்கொள்கின்றன என்பது விளங்கும். மற்றொன்று 1952ஆம் ஆண்டின் வி.ஜி. ராவ் வழக்கு. ஓர் அமைப்பைச் சட்டவிரோதமானதாக அறிவிக்கும் அதிகாரத்தைப் பற்றிய அந்தத் தீர்ப்பில், தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்பதை அளக்க எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் இல்லை என்றும், எந்த உரிமை பாதிக்கப்படுகிறது, எந்தத் தீங்கைத் தடுக்க முயல்கிறார்கள், விதித்த தடை அதற்கு மிஞ்சியதா என்பவற்றை எடைபோட வேண்டும் என்றும் விளக்கினார். இன்றும் பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய வாதங்களில் இந்தப் பகுதி எடுத்தாளப்படுகிறது.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். வழக்கின் நிகழ்வுகள், நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி, இரு தரப்பு வாதங்கள், முடிவு, அந்த முடிவுக்கு இன்றியமையாத காரணம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். போகிற போக்கில் நீதிபதி சொன்ன கருத்தையும், தீர்ப்பைத் தாங்கி நிற்கும் காரணத்தையும் பிரித்தறிவதுதான் கடினமான பகுதி. ஒரு வாக்கியத்தை நீக்கினாலும் முடிவு நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். நிற்குமானால் அது தாங்கும் காரணம் அன்று. குறிப்பை முடித்ததும், தோற்ற தரப்புக்காக அரைப்பக்கம் வாதம் எழுதுங்கள். உங்களுக்கு உடன்பாடில்லாத தரப்பையும் அதன் முழு வலிமையோடு எடுத்துரைக்கப் பழகாதவர் நல்ல வழக்குரைஞராக முடியாது.

தீர்ப்புகளைத் தேடும்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தருகிற மேற்கோள்களை மூலத்தில் சரிபார்க்காமல் ஏற்காதீர்கள். 2023இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில், அத்தகைய கருவி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் காட்டிய வழக்குரைஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மூலத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே ஊறிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: இரு மொழிகளிலும் எழுதுங்கள்

தமிழ்நாட்டில் சட்டத்தொழில் இரு மொழிகளில் நடக்கிறது. அரசமைப்பின் 348ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஆங்கிலமே நடவடிக்கை மொழி. கீழமை நீதிமன்றங்களிலோ சாட்சியமும் மனுக்களும் பெருமளவில் தமிழில் உள்ளன. கட்சிக்காரர் தமிழில் சொல்வதைக் கேட்டு, ஆங்கிலத்தில் மேல்முறையீட்டுக் காரணங்களாக எழுதி, வந்த உத்தரவை மீண்டும் அவருக்குத் தமிழில் விளங்க வைக்க வேண்டும். உரிமையியல் நீதிபதிப் பதவிக்கான முதன்மைத் தேர்விலும் மொழிபெயர்ப்புக்கெனத் தனித் தாள் இருக்கிறது.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்து இந்தத் துறையிலிருந்தே விலகிவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் அதே அளவு குறை மறுபக்கத்தில் இருக்கிறது. கிரயப் பத்திரத்தையோ பாகப் பிரிவினைப் பத்திரத்தையோ அவர்களால் சரளமாகப் படிக்க முடிவதில்லை. இருவருக்கும் பயிற்சி ஒன்றே. நாளேட்டின் ஒரு பத்தியைத் தினமும் மற்ற மொழியில் எழுதுங்கள். இரு மொழிகளிலும் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றை எடுத்து, ஒரு பத்தியை நீங்களே மொழிபெயர்த்துவிட்டு, வெளியான மொழிபெயர்ப்போடு ஒப்பிடுங்கள். வீட்டில் பழைய பத்திரங்கள் இருந்தால் அவற்றைப் படித்து, சொத்தின் நான்கெல்லையும் உரிமை கைமாறிய வரிசையும் அதில் எப்படிச் சொல்லப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான ஆவணம் ஒன்றை எழுதிப் பழகவும் சட்டமே வாய்ப்பளிக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் பொது அதிகார அமைப்பிடம் தகவல் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது பதில் நிறைவளிக்காவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் ஊரின் நூலகம், சாலை, நீர்நிலை ஆகியவற்றில் உண்மையிலேயே உங்களுக்கு அக்கறை உள்ள ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். கேள்வியைத் தெளிவில்லாமல் எழுதினால் பதிலும் தெளிவில்லாமல் வரும் என்பதையும், காலக்கெடு என்பது எவ்வளவு முக்கியமானது என்பதையும் இந்த ஒரே பயிற்சி கற்றுத்தந்துவிடும்.

இரு மொழித் தட்டச்சையும் இந்தக் காலத்திலேயே கற்றுவிடுங்கள்; மனுக்கள் இணையவழியில் தாக்கலாகும் காலத்தில் ஜூனியர் ஒருவரின் நேரத்தை இது பெரிதும் மிச்சப்படுத்தும். மேடைப்பேச்சும் விவாதப் போட்டிகளும் தயக்கத்தைப் போக்க உதவும். ஆனால் அடுக்குமொழிப் பேச்சை நீதிமன்றம் விரும்புவதில்லை. கேட்ட கேள்விக்கு முதல் வாக்கியத்திலேயே பதில் சொல்லப் பழகுவது அதைவிட முக்கியம்.

ஆறாம் படி: மக்களின் சட்டச் சிக்கல்களை அருகிலிருந்து அறியுங்கள்

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் இலவசச் சட்ட உதவி அமைப்பு இயங்குகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் உள்ளிட்டோர் அதன் 12ஆம் பிரிவின்படி இலவச உதவிக்கு உரியவர்கள். இந்த ஆணைக்குழுக்கள் சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்கின்றன. சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதியோர் ஓய்வூதியம் நின்றுபோன ஒருவரின் பேச்சைக் கேட்டு, அவருக்கு எந்த ஆவணம் குறைகிறது என்று கண்டறிவது எந்த வகுப்பறையிலும் கிடைக்காத கல்வி. வழக்குரைஞர் அலுவலகங்களிலும் விடுமுறை நாட்களில் அமர்ந்து கோப்புகளைப் படிக்க அனுமதி கேட்கலாம். எல்எல்.பி. காலத்தில் கட்டாயமாக்கப்பட்டுள்ள 12 வாரப் பயிற்சியில் இது கணக்கிடப்படாது. ஆனாலும் கோப்பு என்றால் என்ன என்று அறிந்தவராக நீங்கள் கல்லூரிக்குள் நுழைவீர்கள். அங்கே படித்த எதையும் வெளியில் பேசக் கூடாது என்ற ஒழுக்கத்தை அன்றே தொடங்கிவிட வேண்டும்.

ஏழாம் படி: எங்கே படிப்பது, எந்தத் தேர்வு எழுதுவது

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு வெளியிலும் தரமான இடங்கள் உள்ளன. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி 2022 முதல் மூன்றாண்டு எல்எல்.பி. நடத்துகிறது, அதற்கு என்.எல்.எஸ்.ஏ.டி. என்ற தனித் தேர்வு உண்டு. கொள்குறி வினாக்களோடு விரிவாக எழுதும் பகுதியும் அதில் இருப்பதால், மேலே சொன்ன வாசிப்பும் எழுத்தும் நேரடியாகப் பயன்படும். 1924இல் தொடங்கிய டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டத் துறையும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும் முதுநிலைக்கான சியுஇடி என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக மாணவர்களைச் சேர்க்கின்றன. மகாராஷ்டிரம், ஆந்திரம், தெலங்கானா ஆகியவற்றுக்கு அந்தந்த மாநிலப் பொது நுழைவுத் தேர்வுகள் உள்ளன. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகான ஐந்தாண்டுப் படிப்புக்கும் எல்எல்.எம். படிப்புக்குமே உரியது, மூன்றாண்டுப் படிப்புக்கு அது பொருந்தாது என்பதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள்.

பிற மாநிலத் தேர்வுகளின் அறிவிப்புகள் பொதுவாக உங்கள் இறுதியாண்டு முடிவதற்கு முன்பே வெளியாகிவிடும். இறுதிப் பருவத் தேர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் வாய்ப்புப் போய்விடும். தமிழ்நாட்டில் வழக்காடத் தீர்மானித்திருப்பவருக்கு உள்ளூர் அரசு சட்டக் கல்லூரியே நல்ல தேர்வு என்பது என் கருத்து. நீதிமன்றம் அருகில் இருக்கும். உடன் படிப்பவர்களே நாளை அதே நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பில் நிற்பார்கள்.

எட்டாம் படி: பணிவாய்ப்புகளையும் அவற்றுக்கான காலத்தையும் கணக்கிடுங்கள்

வழக்காடுவது ஒன்றே பணி என்றில்லை. நிறுவனங்களின் சட்டப் பிரிவு, சட்ட நிறுவனங்கள், அரசுத் தரப்பு வழக்குரைஞர் பணி, காப்புரிமை, சட்டக் கல்வி, சட்டச் செய்தியாளர் பணி எனப் பல உள்ளன. பொதுத்துறை நிறுவனங்கள் சில, கிளாட் முதுநிலைத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு சட்ட அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. குற்ற வழக்குகளில் ஆர்வம் உள்ள புதியவர்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்ட உதவி எதிர்வாத வழக்குரைஞர் அமைப்பில் மாத ஊதியத்தில் உதவியாளராகச் சேர விண்ணப்பிக்கலாம்.

நீதிபதியாக விரும்புவோர் ஒரு முக்கிய மாற்றத்தை அறிந்திருக்க வேண்டும். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, தொடக்கநிலை நீதிபதித் தேர்வுக்குக் குறைந்தது மூன்றாண்டு வழக்குரைஞர் அனுபவம் வேண்டும். பார் கவுன்சிலில் வழக்குரைஞராகத் தற்காலிகப் பதிவு பெற்ற நாளிலிருந்து அது கணக்கிடப்படும். நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராகப் பணியாற்றிய காலமும் சேர்த்துக்கொள்ளப்படும். இன்று இளங்கலை இரண்டாமாண்டில் இருப்பவர் பட்டம், எல்எல்.பி., அனுபவம் எல்லாம் சேர்த்து இன்னும் ஏழெட்டு ஆண்டுகளை மனத்தில் வைத்துத்தான் திட்டமிட முடியும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். முதல் தலைமுறை வழக்குரைஞரின் தொடக்க ஆண்டுகள் கடினமானவை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் வழங்கப்பட வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. எல்லா அலுவலகங்களிலும் அது கிடைக்கும் என்று நம்பிக் குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் உங்கள் வருமானத்தை எதிர்பார்க்கும் நிலை இருந்தால், மொழிபெயர்ப்பு, ஆவணம் தயாரித்தல், சட்ட ஆய்வு உதவி போன்ற துணை வருமானத்துக்குரிய திறன்களை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தாரிடம் இந்த ஆண்டுகளின் உண்மை நிலையை முன்கூட்டியே எடுத்துச் சொல்வதும் உங்கள் கடமையாகும்.

ஒன்பதாம் படி: ஆவணங்களையும் பதிவு விதிகளையும் ஒழுங்குபடுத்துங்கள்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர், முதலெழுத்து, பிறந்த நாள் ஆகியவை பட்டச் சான்றிதழ் வரை ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே திருத்துவது எளிது. சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள்.

எல்எல்.பி. முடிந்ததும் மாநிலப் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். வழக்குரைஞர்கள் சட்டம் 1961, 24ஆம் பிரிவில் பதிவுக் கட்டணமாக 750 ரூபாயையும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாயையும் நிர்ணயிக்கிறது. இதற்கு மேல் பதிவின்போது வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முத்திரைத் தீர்வை மட்டும் தனி. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவர் விடுதலையாகி இரண்டு ஆண்டுகள் கழியும்வரை பதிவு பெற முடியாது என்று 24ஏ பிரிவு கூறுகிறது. வழக்கு எதுவும் நிலுவையில் இருந்தால் விண்ணப்பத்தில் அதை மறைக்கக் கூடாது. போராட்டத்தில் கலந்துகொண்டதற்கான சிறு வழக்காயினும் அதன் உத்தரவு நகலைப் பெற்று வைத்திருங்கள்.

பதிவுக்குப் பிறகு, தொடர்ந்து வழக்காடத் தகுதி தரும் அகில இந்திய பார் தேர்வு உண்டு. 2010இல் கொண்டுவரப்பட்ட இந்தத் தேர்வு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. 100 கொள்குறி வினாக்களுக்கு மூன்றரை மணி நேரம். பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45 விழுக்காடும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடும் தேர்ச்சி மதிப்பெண். குறிப்புகள் எழுதப்படாத மூலச் சட்டப் புத்தகங்களைத் தேர்வறைக்குள் கொண்டு செல்லலாம். வேண்டிய பிரிவை விரைந்து கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இந்தத் தேர்வு எளிது. நான்காம் படியில் சொன்ன வாசிப்பைத் தொடர்ந்து செய்தவர் இதற்கெனத் தனியாகப் பெரிய தயாரிப்பு எதுவும் செய்ய வேண்டியிராது.